தனியாளாகச் சைக்கிள் பயணம்: கடற்கரையில் எங்கே படுப்பது, எதற்குள் படுப்பது

கரையோரச் சாலையைப் பிடித்து நாள்கணக்கில் சைக்கிள் மிதிப்பவர்களுக்குச் சாயங்காலம் நாலரை மணியானால் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். இன்றிரவு மணலில் படுப்பதா, உள்ளே தள்ளிப் போவதா? இரண்டு மூன்று பேராக இருந்தால் எந்த இடத்தையும் ஒருமாதிரி சமாளித்துவிடலாம். ஒருவர் வண்டியைப் பார்த்துக்கொள்வார், இன்னொருவர் இடம் பார்த்துவிட்டு வருவார்; காற்றடித்தால் ஒருவர் துணியைப் பிடிக்க மற்றவர் முளை அடிப்பார். தனியாளுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் இங்கே எல்லா இடங்களையும் எல்லாக் கூரைகளையும் மூன்றே கேள்விகளால் எடைபோட்டிருக்கிறோம். சுமையோடு 35, 40 கிலோ வரும் வண்டியை ஒருவரே அங்கே கொண்டுசேர்க்க முடியுமா? காற்றில் ஒருவரே கட்ட முடியுமா? நடுராத்திரியில் கிளம்ப நேர்ந்தால் இருபது நிமிடத்தில் ஒருவரே வெளியேற முடியுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான இரவுகளில் சரியான இடம், மணல் முடிந்து புல்லோ மரமோ தொடங்கும் உள்விளிம்பு. சரியான கூரை, முளை இல்லாமலே கம்பிகளின் பலத்தில் தானாக நிற்கும், உள்டென்டும் அதன்மேல் போடும் மேல்துணியுமான இரண்டடுக்கு டென்ட். அலைக்கு எதிரே திறந்த மணலில் படுப்பது படமெடுக்க நன்றாக இருக்கும். வண்டிக்கும் தூக்கத்துக்கும் அது கடைசிக்கு முந்தைய தேர்வுதான்.

திறந்த மணல்

அதற்கு இரண்டு உண்மையான நன்மைகள் உண்டு. காற்று தடையில்லாமல் வீசுவதால் கொசுவும் மணல் ஈயும் அண்டாது. நாலு பக்கமும் திறந்திருப்பதால் யார் வந்தாலும் தூரத்திலேயே தெரிந்துவிடும். புழுக்கமான இரவில் இவை சின்ன விஷயங்கள் இல்லை.

பாதகங்களில் முதலாவது கடலேற்றம். பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம் வரும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். சாயங்காலம் ஏழு மணிக்கு ஏற்றத்தின் உச்சத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் அடுத்தது காலை ஏழரைக்குத்தான். ஏழு மணிக்கு வற்றமாக இருந்தால்தான் வில்லங்கம்: அடுத்த உச்சம் ராத்திரி ஒன்றேகால் வாக்கில், நல்ல தூக்கத்தில் வந்து நிற்கும். நீர் ஏறுவதும் சீராக இருக்காது. ஆறு மணி நேர ஏற்றத்தை மாலுமிகள் பன்னிரண்டு பங்காகப் பிரிப்பார்கள். முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்த மணியில் இரண்டு, நடு இரண்டு மணிகளில் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. அதாவது மொத்த உயரத்தில் பாதி நடு இரண்டு மணி நேரத்திலேயே ஏறிவிடும். முதல் ஒரு மணி நேரத்தைப் பார்த்துவிட்டு ‘மெதுவாகத்தான் ஏறுகிறது’ என்று படுத்தவர்கள் நனைந்து எழுவது இதனால்தான்.

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்றம் மிக உயரும். பல கரைகளில் அந்த உச்சம் ஓரிரு நாள் தள்ளி வரும். அஷ்டமியை ஒட்டி மிகக் குறைவாக இருக்கும். இதில் ஒரு கண்ணி உண்டு. கரையில் பாசியும் குப்பையும் ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைப் பார்த்து ‘அலை இதுவரைதான் வரும்’ என்று முடிவு செய்வது வழக்கம். பௌர்ணமி கழிந்து அஷ்டமி நோக்கிப் போகும் நாட்களில் அந்தக் கணக்குச் சரி. அஷ்டமி கழிந்து அமாவாசையோ பௌர்ணமியோ நோக்கிப் போகும் நாட்களில் கோடு ஒவ்வொரு நாளும் மேலே நகரும். நேற்றைய கோடு இன்றைக்கு உதவாது.

ஏற்ற வற்ற நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை கையில் இருந்தாலும் அது தருவது வெறும் நீர்மட்டம். அதன் மேல் ஏறிவரும் அலையோ, கரையை நோக்கித் தள்ளும் காற்றோ அதில் சேராது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு செ.மீ. உயரும், அதுவும் சேராது. கரை தட்டையாக இருந்தால் இந்தச் சில்லறைகள் பெரிய தூரமாக மாறும். இருபதுக்கு ஒன்று சரிவுள்ள மணலில் 30 செ.மீ. கூடுதல் உயரம் என்றால் நீர் 6 மீட்டர் உள்ளே வரும். ஐம்பதுக்கு ஒன்று என்றால் 15 மீட்டர். அகலமான தட்டையான கரைதான் பாதுகாப்பானது என்று கண் சொல்லும். கணக்கு வேறு சொல்கிறது.

அட்டவணையைவிட நம்பகமான சாட்சி செடிகள்தான். அடப்பங்கொடியோ கெட்டியான கரையோரப் புல்லோ வேரூன்றிப் படர்ந்திருந்தால், அங்கே அலை அடிக்கடி வருவதில்லை. மணல் படிபோல் செங்குத்தாக வெட்டுப்பட்டு, வெட்டு புதிதாக இருந்தால், அண்மையில் அலை அதுவரை வந்து அரித்திருக்கிறது. திறந்த மணலில்தான் படுப்பது என்று முடிவு செய்தால், இருக்கும் குப்பைக் கோடுகளில் ஆக மேலே உள்ளதையும் தாண்டி, முதல் கொடி தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். செடியை மிதித்து அதன் மேலேயே டென்ட் போடக் கூடாது. மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்தான்.

அடுத்தது வண்டிகளும் படகுகளும். மணலில் டயர் தடம் தெரிந்தால் ராத்திரியிலோ விடியற்காலையிலோ யாரோ வண்டி ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். தாழ்ந்த ஒற்றையாள் டென்ட், மேடு ஏறிவரும் ஓட்டுநரின் விளக்கு வெளிச்சத்தில் கடைசி நொடிவரை தெரியாது. சுற்றுலாக் கரைகளில் விடியுமுன் குப்பை வாரும் டிராக்டர் வரும். படகு இழுத்த தடம் இருந்தால் மூன்று மணிக்கே ஆட்கள் வருவார்கள். நீங்கள் படுத்திருப்பது அவர்கள் படகு இறங்கும் வழி.

தனியாளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய இடைஞ்சல், சாலையிலிருந்து அங்கே போய்ச் சேருவது. உலர் மணலில் முன்சக்கரம் புதைந்து குறுக்கே திரும்பிக்கொள்ளும். முன்பைகளைக் கழற்றிவிட்டால் தள்ளுவது பாதியாக எளிதாகும், ஆனால் இரண்டு நடை போக வேண்டும். ஒரு நடையில் வண்டி தனியாக நிற்கும், மறு நடையில் பைகள் தனியாகக் கிடக்கும். இதற்கு ஒரே வழி, கண்ணுக்கு எட்டும் 30, 40 மீட்டர் துண்டுகளாக மாற்றி மாற்றி நகர்த்துவது. 200 மீட்டர் மணலுக்கு இப்படி அரை மணி நேரம் போய்விடும். அவசரத்தில் திரும்பி வரவும் அதே அரை மணிதான். இருபது நிமிடக் கேள்வியில் திறந்த மணல் தோற்பது இங்கேதான்.

அலை நனைத்த கெட்டி மணலில் ஓட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். 42 மி.மீ. டயரில் காற்றை 25 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் ஓடத்தான் செய்யும். கூடவே உப்புநீர் செயினிலும் பிரேக்கிலும் தெறிக்கும். அதன் கணக்கைப் பிறகு பார்ப்போம்.

மணல்மேட்டின் பின்பக்கம்

காற்றிலிருந்து மறைவு, சாலையிலிருந்தும் மறைவு. இரண்டும் கவர்ச்சியானவை. ஆனால் பலத்த காற்றில் மேட்டின் முகட்டில் கிளம்பும் மணல் வந்து விழும் இடமே இந்தப் பின்சரிவுதான். டென்டின் ஓரமெல்லாம் மணல் குவிந்து, உள்டென்டின் வலை வழியாகப் பொடி மணல் இறங்கும். மேட்டை ஒட்டியே படுக்காமல் அதன் உயரத்தைப்போல் ஐந்தாறு மடங்கு தள்ளிப் படுத்தால் மறைவும் கிடைக்கும், மணல் விழுவதும் குறையும். மேட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் உப்பங்கழியோ சதுப்போ இருக்கும் என்பதால் கொசு நிச்சயம். சுமை வண்டியோடு மணல்மேடு ஏறி இறங்குவது இந்தப் பட்டியலிலேயே கடினமான வேலை. மேட்டில் இயற்கையாக இடைவெளி இருந்தால் மட்டுமே இது தனியாளுக்கான தேர்வு. அந்த இடைவெளியிலேயே படுக்க வேண்டாம். காற்று அதன் வழியாகத்தான் குவிந்து வேகம் பிடிக்கும். புயல் அலை உள்ளே வருவதும் அதன் வழிதான்.

மரங்களின் விளிம்பு

இதுவே எங்கள் முதல் தேர்வு. நிலம் கெட்டியாக இருப்பதால் சாதாரண முளையே பிடிக்கும். வண்டியைப் பூட்ட மரம் இருக்கிறது. சாலையும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். பலர் கவனிக்காத நன்மை ஒன்றும் உண்டு: பனி. மேகமில்லாத இரவில் டென்டின் மேல்துணி தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். கடற்கரைக் காற்றில் ஈரம் ஏற்கெனவே அதிகம். துணியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். மேலே இலைக்கூரை இருந்தால் அந்த வெப்ப இழப்பு தடைபடும். திறந்த மணலில் சொட்டச் சொட்ட நனையும் அதே டென்ட், முப்பது மீட்டர் உள்ளே மரத்தடியில் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். ஈர டென்டைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு போகும் தொல்லையும், நண்பகலில் நிறுத்திக் காயவைக்கும் ஒரு மணி நேரமும் மிச்சம்.

இங்கேயும் பார்க்க வேண்டியவை உண்டு. தென்னைக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள்; காய் மட்டுமல்ல, காய்ந்த மட்டையே டென்ட் கம்பியை முறிக்கும் எடை கொண்டது. மற்ற மரங்களிலும் மேலே அண்ணாந்து பார்த்து, காய்ந்த கிளை தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இடி மழைக் காலத்தில் தனி நெடுமரம் ஆகாது. ஒரே உயரமான பல மரங்கள் உள்ள தோப்பு, திறந்த மணலைவிடத் தேவலை. தோப்பு என்றால் பெரும்பாலும் யாருக்காவது சொந்தம், ஆகவே கேட்டுவிட்டுப் படுப்பது முறை. தனியாள் சைக்கிளோடு வந்து கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. கேட்காமல் படுத்தவரை விடியுமுன் எழுப்புகிறவர்கள் அதிகம்.

பாதி மறைந்த இடம்தான் ஆக மோசமானது. சாலையில் போகிறவர் கண்ணில் டென்ட் பட்டுவிடுகிறது, உதவிக்கு வரக்கூடியவர் கண்ணில் படுவதில்லை. ஒன்று முழுக்க மறைய வேண்டும். இல்லையென்றால், ‘இன்றிரவு இங்கே ஒருவர் படுத்திருக்கிறார்’ என்று பக்கத்தில் குடியிருக்கும் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கட்டண முகாம், அறை

இதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நன்னீர்க் குழாய்க்குத்தான் இங்கே காசு. கடற்கரையில் தொடர்ந்து இரண்டு இரவு படுத்தால் மூன்றாம் இரவு குழாய் உள்ள இடமாகப் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். அன்றைக்கு வண்டி, டென்ட் ஜிப், உடம்பு, மூன்றும் கழுவப்பட வேண்டும். கரையில் கூடாரமிடச் சட்டப்படி தடை உள்ள பகுதிகளும் பல உண்டு. அங்கே இதுதான் ஒரே நேர்வழி.

கூரை: எது மணலுக்குத் தோதானது

கூரையைத் தேர்ந்தெடுக்குமுன் கரையின் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பகலில் நிலம் சீக்கிரம் சூடாவதால் காற்று கடலிலிருந்து வீசும். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்வதால் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். நடுவில் காற்றே இல்லாத ஓரிரு மணி நேரம் வரும். கொசுவும் மணல் ஈயும் படையெடுப்பது அப்போதுதான். ஆகவே சாயங்காலம் காற்றுக்கு முதுகைக் காட்டி நிறுத்திய டென்டுக்கு, விடியற்காலையில் காற்று வாசல் வழியாக வரும்.

தானாக நிற்கும் டோம் டென்ட் இந்த மாற்றத்தைப் பொருட்படுத்தாது. கம்பிகள் குறுக்கே வளைந்து நிற்பதால் எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே பலம். கட்டிய பிறகும் தூக்கி இடம் மாற்றலாம். காலையில் வாசலைத் திறந்து கவிழ்த்து உதறினால் உள்ளே இருக்கும் மணல் அத்தனையும் வெளியே. தனியாளுக்கான டென்ட் 1.5 முதல் 2 கிலோவுக்குள் கிடைக்கும். ‘தானாக நிற்கும்’ என்பதை ‘பறக்காது’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே எடை இல்லாத டோம், காற்றில் பந்துபோல் உருண்டு ஓடும். மணலில் ஓடி அதைப் பிடிக்க முடியாது. தனியாள் கட்டும் வரிசை இப்படி இருக்க வேண்டும்: டென்டை விரித்ததும் கம்பியைத் தொடாமல், காற்று வரும் பக்கத்து இரண்டு மூலைகளையும் முதலில் நங்கூரமிடுவது, பிறகு கனமான பை ஒன்றை உள்ளே வைப்பது, அதற்குப் பிறகே கம்பி. மேல்துணியைக் காற்று வரும் பக்கத்தில் மாட்டிவிட்டுத்தான் மறுபக்கம் போட வேண்டும்.

சுரங்க வடிவ டென்டில் அதே எடைக்கு இடம் அதிகம்; நீளவாட்டில் வரும் காற்றை டோமைவிட நன்றாகவே தாங்கும். ஆனால் இரண்டு முனையும் இறுகப் பிடித்தால்தான் அது நிற்கும். மணலில் ஒரு முனை நங்கூரம் கழன்றால் மொத்தமும் படுத்துவிடும். காற்று திரும்பி விலாவில் அடித்தால் ராத்திரி முழுக்கத் துணி முகத்தில் அறையும். மலைப்பாதைக்கு அருமையான கூரை, கரைக்கு இரண்டாந்தரம். ஒற்றைக் கம்பை நட்டுக் கட்டும் டென்டுகளுக்கும் இதே குறை. போதாததற்கு, நடைப்பயணிகள் கம்பாக நடும் கைத்தடியைச் சைக்கிளில் போகிறவர் இதற்கென்றே தனியாகச் சுமக்க வேண்டும்.

தார்ப்பாலின் விரிப்பை வண்டியின் ஹேண்டில்பாரில் கட்டிச் சாய்வாக இறக்கிப் படுப்பது படங்களில் அதிகம் தென்படும் ஏற்பாடு. எடை அரைக் கிலோதான். நிழலுக்கு, மதியத் தூக்கத்துக்கு மிகச் சரி. இரவில் பூச்சிக்குத் தடை இல்லை, மணலுக்குத் தடை இல்லை. வண்டி சரிந்தால் கூரையும் சரியும், கிளம்ப வேண்டுமென்றால் கூரையைப் பிரித்த பிறகே வண்டி. படுக்கையை மூடும் பிவி பை தனியாக இருந்தால் மழை இரவு ஒன்றை ஓட்டலாம், ஆனால் ஈரக் காற்றில் உள்ளே வியர்த்து நனைந்துவிடும்.

இரண்டு மரங்களுக்கு இடையே கட்டும் தொங்கு படுக்கையான ஹாமக், மரம் உள்ள இடங்களில் எங்கள் இரண்டாம் தேர்வு. மணல் கிட்டவே வராது, நண்டு, எறும்பு பற்றிக் கவலை இல்லை, ஐந்து நிமிடத்தில் கட்டவும் அவிழ்க்கவும் முடியும். நான்கிலிருந்து ஐந்து மீட்டர் இடைவெளியில், குறைந்தது ஒரு சாண் தடிமனுள்ள இரண்டு உயிருள்ள மரங்கள் வேண்டும். மணலில் வேர் ஆழமில்லாத மரம் சாயக்கூடும். முழு எடையையும் போட்டுக் குலுக்கிப் பார்த்த பிறகே படுக்க வேண்டும். கொசுவலை சேர்ந்ததாக இருக்க வேண்டும். மரமே இல்லாத நூறு கிலோமீட்டர் கரை வந்தால் ஹாமக் வெறும் சுமை என்பதுதான் இதை முதல் தேர்வாக விடாமல் தடுப்பது.

டென்ட் வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். உள்டென்ட் முழுக்க வலையாக இருந்தால் புழுக்கத்துக்கு நல்லது. காற்றடிக்கும் கரையில் மேல்துணிக்கு அடியில் புகுந்த மணல் வலையில் சலித்து உங்கள் மேல் விழும். கீழ்ப்பாதி துணி, மேல்பாதி வலை என்ற அமைப்புதான் கரைக்கு ஏற்றது.

மணலில் முளை ஏன் நிற்காது, எது நிற்கும்

உலர் மணலுக்கு ஒட்டும் குணம் இல்லை. கம்பி முளையை எவ்வளவு ஆழம் குத்தினாலும், கயிறு லேசாக ஆடும்போதெல்லாம் சுற்றியுள்ள மணல் விலகி, துளை பெரிதாகி, முளை மேலே வந்துவிடும். காற்றின் வேகம் இருமடங்கானால் அது தரும் விசை நான்கு மடங்காகும் என்பதால், சாயங்காலம் பிடித்த முளை ராத்திரி பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அகலமான மணல் முளைகள் ஈர மணலில் ஓரளவு பிடிக்கும். நாலைந்து முளையின் எடையைச் சுமப்பதற்குப் பதில், சுமையே இல்லாத வழி ஒன்று உண்டு: புதைத்த பை.

சிறு துணிப்பையில் ஐந்து லிட்டர் அளவு உலர் மணல் நிரப்பினால் ஏறக்குறைய 8 கிலோ. வாயை இறுக்கி, தனிக்கயிறு ஒன்றைக் கட்ட வேண்டும். இந்தக் கயிறு ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டரில் வீட்டிலேயே வெட்டி முனையில் கண்ணி போட்டுத் தயாராக இருந்தால், டென்டின் சொந்தக் கயிறு மணலுக்குள் போகாது. கயிறு வரும் திசைக்குக் குறுக்கே, முழங்கை ஆழத்துக்கு, அதாவது 30, 40 செ.மீ. பள்ளம் தோண்டிப் பையைப் படுக்கவைத்து, கயிறு சாய்வாக வெளியே வர ஒரு சிறு கீறல் வெட்டி, மூடி, காலால் நன்றாக மிதிக்க வேண்டும். அந்த ஆழத்தில் மணல் ஈரமாக இருந்தால் பிடிப்பு இன்னும் கூடும். பை இல்லையென்றால் முழங்கை நீளக் கட்டையோ நீர் நிரப்பிய பாட்டிலோ நடுவில் கயிறு கட்டிப் புதைத்தாலும் போதும்.

தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். பையைப் புதைக்காமல் மேலேயே வைத்தால் வழுக்கிக்கொண்டே நகரும். கயிறு செங்குத்தாக ஏறினால் மணலை அறுத்துக்கொண்டு பையை மேலே இழுத்துவிடும். தரையோடு தாழ்ந்த கோணத்தில் நீளமாகப் போக வேண்டும். மிதிக்காமல் விட்டால் முதல் மணி நேரத்திலேயே தளரும், ஆகவே படுக்குமுன் ஒருமுறை எல்லாக் கயிற்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும். அமைதியான இரவுக்கு நான்கு மூலை போதும். காற்று இருந்தால் பக்கக் கயிறுகளுக்கும் சேர்த்து ஆறு.

சைக்கிள் பைக்குள்ளேயே மணலை நிரப்பி நங்கூரமாக்குவதைச் சிலர் பரிந்துரைப்பார்கள். நீர்புகாப் பையின் உள்பூச்சை மணல் உரசித் தேய்த்துவிடும். வேண்டாம்.

வண்டிக்கு இரவில் என்ன ஆகிறது

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. தெறித்த நீர் காய்ந்துவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது, காய்ந்த உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினாலே கசியத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே. கரையோர இரவுகளில் ஈரப்பதம் இதைத் தாண்டுவது வழக்கம் என்பதால் செயின் விடியும்வரை உப்புநீரில் ஊறியபடியே இருக்கும். ஒரே இரவில் இணைப்புகளில் செம்புள்ளி தென்படுவது இதனால்தான். எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொள்ளும் இடங்களில், அதாவது சீட் தண்டு, கேரியர் போல்ட், அலுமினிய ஸ்போக் நிப்பிள்களில், உப்புநீர் பட்டால் அலுமினியம் அரித்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பயணத்துக்கு முன்னால் எல்லா போல்ட் மரைகளிலும் சீட் தண்டிலும் கிரீஸ் தடவுவது அரை மணி நேர வேலை. விட்டால், வழியில் ஒரு போல்ட் முறிந்து கேரியர் தொங்கும்.

செயினுக்கு எண்ணெயா, மெழுகா? எண்ணெய் துருவைத் தடுக்கும், ஆனால் மணலை ஒட்டவைத்து, பல்சக்கரத்தை அரைக்கும் பசையாக மாற்றிவிடும். மெழுகில் மணல் ஒட்டாது. உப்பு ஈரத்துக்கு எதிரே அது பலவீனம். மணல் பறக்கும் உலர்ந்த கரைக்கு மெழுகு, மழையும் சாரலுமான கரைக்கு எண்ணெய் என்பது எங்கள் கணக்கு. எண்ணெய் என்றால், மணலில் இறங்குமுன் செயினின் வெளிப்புறத்தைத் துணியால் வறண்டுபோகும்வரை துடைக்க வேண்டும். வேலை செய்யும் எண்ணெய் உருளைகளுக்கு உள்ளேதான் இருக்கிறது.

இரவில் வண்டியை நிறுத்துவதா, படுக்கவைப்பதா? மணலில் ஸ்டாண்டு புதைந்து வண்டி சரியும். அடியில் தட்டையான கல்லோ பலகைத் துண்டோ வைத்தால் நிற்கும். காற்று பலமாக இருந்தால் முதலிலேயே படுக்கவைத்துவிடுவது நல்லது, செயின் இருக்கும் வலது பக்கம் மேலே இருக்கும்படி. பின் கியர் மாற்றியையும் செயினையும் சேர்த்து பிளாஸ்டிக் பை ஒன்றால் சுற்றிக் கட்டினால் பறக்கும் மணலில் பெரும்பகுதி தடைபடும். பூட்ட மரம் இல்லாத இடத்தில் பின்சக்கரத்தைச் சட்டத்தோடு பூட்டி, அங்கிருந்து ஒரு மெல்லிய கயிற்றை டென்டுக்குள் கொண்டுவந்து சமையல் பாத்திரத்தில் கட்டிவிடலாம். யாராவது வண்டியைத் தூக்கினால் பாத்திரம் உருண்டு எழுப்பிவிடும்.

காலையில் செய்யக் கூடாத முதல் காரியம் பெடலைச் சுற்றிப் பார்ப்பது. மணல் அப்படியே உள்ளே அரைபட்டுவிடும். முதலில் காய்ந்த தூரிகையால் செயின், பல்சக்கரம், பிரேக் கட்டைகளைத் தட்டுங்கள். பிறகு நன்னீர், மேலிருந்து கீழாக, ஊற்றும் வேகத்தில் மட்டும். பீய்ச்சினால் மணலும் உப்பும் பேரிங் சீலுக்குள் போகும். ஒன்றரை லிட்டரில் இதை முடித்துவிடலாம். துடைத்து, எண்ணெய் விட்டு, அதன் பிறகு பெடலைச் சுற்றலாம். ரிம் பிரேக் என்றால் கட்டைகளில் புதைந்த மணல்துகளை ஊசியால் நோண்டி எடுக்காவிட்டால் முதல் இறக்கத்திலேயே ரிம்மில் கோடு விழும். தார்ச்சாலை ஏறுமுன் டயரில் காற்றை மறுபடி நிரப்ப மறக்க வேண்டாம்.

டென்டிலும் இதே பகைதான். கம்பித் துண்டுகளின் இணைப்பில் மணல் இருந்தால் முழுதாகச் செருகாது; அரைகுறையாகச் செருகி வளைத்தால் அந்த இடத்தில்தான் பிளக்கும். ஒவ்வொரு மூட்டையும் துடைத்துச் செருக வேண்டும். ஜிப்பில் மணல் சேர்ந்தால் ஓடும் பகுதி உள்ளே தேய்ந்து, பற்கள் கோத்துக்கொள்ளாமல் திறந்துகொள்ளும். நன்னீரால் கழுவலாம், எண்ணெய் மட்டும் கூடாது.

அடுப்பும் தண்ணீரும்

கரையில் ஓர் இரவுக்குக் குடிக்க, சமைக்க 4 லிட்டர், வண்டிக்கும் கைக்கும் ஒன்றரை லிட்டர். இதைச் சாலையை விட்டு இறங்குமுன்னே நிரப்பிக்கொள்ள வேண்டும். அடுப்பைப் பலகைத் துண்டு ஒன்றின் மேல் வைத்தால் சாயாது, பர்னருக்குள் மணலும் போகாது. ஒதுங்கிய மரக்கட்டையை எரிப்பதைத் தவிர்ப்பது நல்லது. உப்பில் ஊறிய கட்டையின் புகையில் டையாக்சின் வகை நச்சுகள் உண்டு. எரித்தே ஆக வேண்டுமென்றால் நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். மணல் போட்டு மூடினால் தணல் பல மணி நேரம் அடியில் சூடாகவே இருக்கும். மறுநாள் வெறுங்காலோடு வருபவர் அதில் கால் வைப்பார்.

கரையே வேண்டாம் என்னும் இரவுகள்

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் இடிமேகம் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. திறந்த மணலில் உயரமான பொருள் நீங்கள்தான். கட்டிடத்துக்குள் போய், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆற்று முகத்துவாரத்தில் தட்டையான அழகான மணல் திட்டு கிடைத்தாலும் வேண்டாம். உள்நாட்டில் பெய்த மழை, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வரும். செங்குத்துப் பாறைக்கு அடியில் உள்ள குறுகிய கரையில் கல் விழும், ஏற்றத்தில் வெளியேறும் வழியும் அடைபடும். ஆமை முட்டையிடும் பருவத்தில், மணலில் இருபக்கமும் துடுப்பு இழுத்த அகலத் தடம் கண்டால் வேறு கரை பாருங்கள்; வெள்ளை வெளிச்சம் குஞ்சுகளைக் கடலுக்குப் பதில் நிலத்துப் பக்கம் இழுத்துவிடும். நிலம் பலமாகவோ நெடுநேரமோ அதிர்ந்தால், அல்லது கடல் திடீரென்று உள்வாங்கினால், பையையும் வண்டியையும் தொடாமல் உயரமான இடத்துக்கு நடையைக் கட்ட வேண்டும். எச்சரிக்கை அறிவிப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது.

இருட்டிய பிறகு அறியாத கரைக்கு வந்து சேர்ந்தால் மேலே சொன்ன எதையும் பார்க்க முடியாது: குப்பைக் கோடு தெரியாது, டயர் தடம் தெரியாது, காய்ந்த கிளையும் தெரியாது. அப்போது மணலில் இறங்காமல், சாலையோரத்தில் ஆள் நடமாட்டமும் விளக்கும் உள்ள இடத்தில் கேட்டுக்கொண்டு படுப்பதே சரி. டென்டை விரிக்கச் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கரையில் இருக்கும்படி அன்றைய தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.